கண்மாய்த் தூண்டிலுக்குக் கால் ஃபின்: எது தேறும், எது சேற்றில் மாட்டும்?

மிதவை டியூபில், அதாவது காற்றடைத்த வளையத்தில், உட்கார்ந்து தூண்டில் போடுகிறவருக்குக் காலில் மாட்டுகிற ஃபின்தான் துடுப்பு, சுக்கான், பிரேக் மூன்றும். கை இரண்டும் ராடுக்கும் ரீலுக்கும் போய்விடும்; மற்றதெல்லாம் கால் பொறுப்பு. இருந்தும் டியூபை நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிறவர்கள், ஃபின்னை மட்டும் அட்டையில் ‘டைவிங்’ என்று போட்டிருந்தால் போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். கடலில் குப்புறப் படுத்து நீந்துகிறவருக்காகச் செய்த பொருள் அது. காரைக்குடிப் பக்கத்துக் கண்மாயில் நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில் மிதக்கிறவர் காலுக்கு அது அப்படியே பொருந்திவிடாது.

செட்டிநாட்டுத் தண்ணீருக்கென்று ஒரு குணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகி, சித்திரை வைகாசியில் தரை தட்டுகிற கண்மாய்கள் இவை. நிறைந்து கிடக்கும்போதும் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் வந்து சேர்கிற பக்கம், இடுப்பளவுதான். கரையை ஒட்டித்தான் ஆள் ஆழம். அடியில் வண்டல். வண்டலுக்குள் கருவேல முள். மேலே தாமரை, அல்லி, வேலம்பாசி, சில இடங்களில் ஆகாயத்தாமரை. ஆழம் குறைவு, சேறு, முள், கொடி என்ற நான்கையும் தாங்குகிற ஃபின்தான் இங்கே நல்ல ஃபின். வேகம் ஐந்தாவது கணக்கு. டியூப் எப்படியும் நடைவேகத்தில் பாதிகூடப் போகாது. எந்த ஃபின்னும் அதை மோட்டார் படகாக்கிவிடாது.

உதை எப்படி வேலை செய்கிறது

தேர்வு முழுக்க இதில்தான் நிற்கிறது. டியூபில் தொடை ஏறக்குறைய நீர்மட்டத்தில் கிடக்கும். முழங்காலுக்குக் கீழே கால் தொங்கும். பந்தை உதைக்கிற மாதிரி கீழ்க்காலை முன்னால் வீசினால் பாதத்தின் மேல்பக்கம் தண்ணீரை முன்னே தள்ளும். டியூப் பின்னே போகும். முகம் ஒரு திசை, பயணம் எதிர்த் திசை. காலைத் திரும்ப இழுக்கும்போது ஃபின்னின் தட்டைப் பாகமான பிளேடு தள்ளுகிற தண்ணீர் நமக்கு எதிரி. பின்னே போன டியூபை அது முன்னே இழுக்கும். ஆகவே முன்வீச்சில் விறைத்து நிற்கவும் பின்னிழுப்பில் மடங்கிக் கொடுக்கவும் தெரிந்த பிளேடு வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விறைப்பாக இருக்கிற பிளேடில் பாதி உழைப்பு வீண்.

இன்னொன்று, கால்விரல் கீழே பார்த்தபடி இருந்தால்தான் பிளேடு செங்குத்தாக நின்று தண்ணீரை வாரும். விரலை மேலே தூக்கிவைத்து உதைத்தால் பிளேடு கத்தி மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். தொடை வலிக்கும், டியூப் நகராது. புதிதாக இறங்குகிறவர்கள் ‘ஃபின் சரியில்லை’ என்று சொல்வதில் பாதி இந்தக் கோளாறுதான். கணுக்கால் இறுக்கமானவர்கள், தடித்த ஷூ போடுகிறவர்கள் விரலை அவ்வளவு நீட்ட முடியாது. அவர்கள் பாதத்தின் கோட்டிலிருந்து பிளேடு சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த மாடலைப் பார்க்க வேண்டும். கடையில் ஃபின்னைத் தரையில் வைத்து பக்கவாட்டில் குனிந்து பார்த்தாலே அந்தச் சாய்வு தெரிந்துவிடும்.

அடுத்து ஆழக் கணக்கு. முழங்காலிலிருந்து குதிகால் வரை சுமார் 45 செ.மீ. இருக்கை நீருக்குள் ஒரு 10 செ.மீ. அமிழும். 60 செ.மீ. நீள ஃபின் நுனி கீழே சாய்ந்து நிற்கும்போது இன்னொரு 45 செ.மீ. ஆக ஒரு மீட்டர் தண்ணீர் இருந்தால்தான் உதை அடியில் தட்டாது. 50 செ.மீ. ஃபின்னானால் ஏறக்குறைய மூன்றடியில் அடங்கிவிடும். கால் அடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மாசி கடைசியில் உள்வாய் வற்றத் தொடங்கி விரால் எல்லாம் தாமரை ஓரத்தில் ஒதுங்கும்போது, அந்தக் கால் அடிதான் அங்கே போக முடியுமா, அல்லது சேற்றைக் கிளப்பி மீனை விரட்டிவிட்டுத் திரும்புவோமா என்பதைத் தீர்மானிக்கும்.

லாரி டியூபில் கயிறோ கித்தானோ கட்டி உட்காருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறங்கும். யு வடிவ டியூபில் இருக்கை உயரமாக இருக்கும்; லாரி டியூபில் ஆள் இடுப்பு வரை அமிழ்ந்துவிடுவார். கூடுதலாக அரையடி ஆழம் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்வுக் குச்சி தொடைப் பக்கம் வராமல் திருப்பி, பழைய துணி சுற்றிவிடுவதும் நல்லது. ஃபின்னுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு உதைக்கும் அது தொடையில் உரசும்.

வகை வகையாகப் பார்த்தால்

மூச்சடக்கி முக்குளிக்கிறவர்கள் போடும் நீள ஃபின், 80 செ.மீ.க்கு மேல் போவது, இங்கே வேண்டவே வேண்டாம். கண்மாயில் அதை வீச இடம் கிடையாது. ஒரு உதையில் இரண்டு தாமரைத் தண்டைச் சுற்றிக்கொள்ளும்.

குதிகாலும் சேர்த்து மூடிய ரப்பர் ஃபின்தான் கடைகளில் அதிகம் தொங்குவது, விலையும் குறைவு. வெறுங்காலில் மாட்டுவது. முதல் அரைமணி நேரம் சுகம். பிறகு பாதம் நுழைகிற பையில் வண்டல் புகுந்து உப்புத்தாள் மாதிரி குதிகாலைத் தேய்க்கும். தண்ணீரில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். மூன்றாவது மணி நேரத்தில் கொப்புளம் உடைந்துவிடும். கரையேறும்போது முள் நிறைந்த தரையில் வெறுங்கால். ரப்பர் அடிப்பாகம் மெல்லியது, நாட்டுக்கருவேல முள்ளோ விரல் நீளம், நேரே ஏறும். அடியில் செம்பூராங்கல் படி வைத்த, பாசியில்லாத தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதக்க மட்டும் இது ஓடும். மலிவு என்று வாங்கினால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நீச்சல்குளத்தில் பயிற்சிக்குப் போடும் குட்டை ஃபின் உண்டு. டெக்கத்லானில் நபைஜி பெயரில் வருவது போன்றவை. ஆழக் கணக்கில் இதுதான் முதலிடம். ஆனால் டியூப் என்பது தண்ணீரில் ஒரு பெட்டி மாதிரி நிற்கிற பொருள். காற்று கொஞ்சம் வீசினாலே இந்தச் சின்ன பிளேடால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. சிறிய குளத்தில், காற்றில்லாத விடிகாலையில் சரி. பெரிய கண்மாயின் நடுவுக்கு இதைப் போட்டுக்கொண்டு போவது, மிதிவண்டியில் நெல் மூட்டை ஏற்றுகிற கதை.

குதிகால் திறந்து, பின்னால் வார் வைத்த டைவிங் ஃபின்தான் கண்மாய்க்குப் பொருந்துவது. ஷூவோடு மாட்டலாம், வாரைக் கூட்டிக் குறைக்கலாம், சேறு புகுந்தால் பையை அலசிவிடலாம். இதே டெக்கத்லானின் சுபியா, இத்தாலியின் கிரெஸ்ஸி, மாரெஸ் எல்லாரும் இந்த வகையில் பல மாடல் போடுகிறார்கள். மாடல் பெயரைவிட மூன்று விஷயத்தைப் பார்த்து வாங்குங்கள்: மொத்த நீளம் 50 முதல் 58 செ.மீ. வரை, பிளேடின் அகலம் 20 செ.மீ.க்குக் குறையாமல், விறைப்பு நடுத்தரம். அகலம் குறைந்த பிளேடு காற்றில் தோற்றுவிடும். நீளம் கூடினால் சேற்றில் தோற்றுவிடும். குட்டையும் அகலமுமாக இருப்பதுதான் நமக்கு.

விறைப்பைக் கடையிலேயே சோதிக்கலாம். பாதம் நுழைகிற பையை ஒரு கையால் பிடித்து, பிளேடின் நுனியைத் தரையில் ஊன்றி, மேல்பக்கத்திலிருந்து உள்ளங்கையால் மிதமாக அழுத்துங்கள். கால்வாசிச் செங்கோணத்திலிருந்து அரைவாசிக்குள் வளைந்து, விட்டதும் டப்பென்று திரும்பினால் சரி. கொஞ்சமும் வளையாவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஆடுசதை பிடித்துக்கொள்ளும்; தண்ணீருக்கு நடுவில் சதைப்பிடிப்பு வந்தால் நீவிவிடக்கூட கை எட்டாது. துணி மாதிரி மடிந்தால் உதையெல்லாம் பிளேடை ஆட்டுவதற்கே போய்விடும். வீட்டில் இந்தச் சோதனையை ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் செய்ய வேண்டாம், நுனி வழுக்கி முகத்தில் அடிக்கும். சாக்கு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வார் வகையிலேயே பழைய கை ஒன்று உண்டு: ஸ்கூபாபுரோவின் ஜெட் ஃபின். 1965-இல் வந்து இன்றும் விற்கிற மாடல். கட்டிக் கறுப்பு ரப்பர், பிளேடின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள், குட்டை, அகலம். நமக்கு வேண்டிய வடிவம் அப்படியே இருக்கிறது. பின்னிழுப்பில் ஓட்டை வழியாகத் தண்ணீர் போய்விடுவதால் எதிர்த்தள்ளலும் குறைவு. சேற்றில் மாட்டினால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து பிடி விட்டுவிடும். குறை எடைதான். பெரிய அளவில் ஜோடி இரண்டு கிலோவுக்கு மேல் போகும், தண்ணீரில் மூழ்கும். கழன்று விழுந்தால் வண்டலுக்குள் போனது போனதுதான். விறைப்பும் அதிகம், வயல் வேலையோ சைக்கிளோ பழகிய காலுக்கு ஏற்றது, மேசை வேலைக்காரர் காலுக்கு அல்ல.

நடுவில் பிளந்து இரண்டு மடலாக ஆடுகிற ஃபின் டைவர்களிடையே பிரபலம். சின்னச் சின்ன உதைக்குக் குறைந்த உழைப்பில் நன்றாகப் போகும். நம் தண்ணீரில் அந்தப் பிளவு ஒரு கவட்டை. தாமரைத் தண்டு அதற்குள் ஏறி உட்கார்ந்தால் காலைத் தூக்கி, குனிந்து, கையால்தான் எடுக்க வேண்டும். தாமரைத் தண்டில் சொரசொரவென்று சிறு முள் இருக்கும், எளிதில் வழுக்கி வெளியே வராது. நிராகரிக்கலாம்.

மிதவைத் தூண்டில்காரர்கள் உலகெங்கும் பேசுகிற ஒரு ஃபின், ஃபோர்ஸ் ஃபின். பாப் எவன்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. பாலியூரித்தேனில் வார்த்து, நுனி மேல்நோக்கி வளைந்து, மீன் வாலைப் போல வி வடிவில் வெட்டியிருக்கும். நாம் மேலே சொன்ன குணம், முன்வீச்சில் தள்ளி பின்னிழுப்பில் அடங்குவது, இதில் நன்றாக அமைந்திருக்கிறது. குட்டை, ஆழம் குறைவாகக் கேட்கும். பாராட்டெல்லாம் நியாயம்தான். ஆனால் இதன் பாதப்பை நுனியில் திறந்தது; கால்விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்நாட்டு ஏரியில் தடித்த பூட்ஸ் போட்டு இறங்குகிறவருக்கு அது வசதி. கருவேலங்காட்டுக் கண்மாயில் விரலை வெளியே விட்டுக்கொண்டு உதைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அதற்கு முன்பக்கம் கெட்டியான ஷூ கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற செலவும் சேர்ந்தால் டியூபைவிட ஃபின் விலை கூடிவிடும். மாதம் நாலு முறை இறங்குகிறவருக்குத் தகும். தை மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறவருக்குத் தகாது.

மிதவைக்கென்றே செய்த கட்டு ஃபின் இன்னொன்று: தட்டையான பிளாஸ்டிக் பலகை, மேலே இரண்டு மூன்று பட்டை, எந்த ஷூவின் மேலும் கட்டிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். பட்டை எவ்வளவு இழுத்தாலும் ஷூவுக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். உதையில் ஒரு பங்கு அந்த ஆட்டத்தில் கரைந்துவிடும். பட்டைகளின் வால் எல்லாம் பாசியை அள்ளிக்கொண்டு வரும். வீட்டில் நாலு பேர் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பிளேடைவிட ஷூ முக்கியம்

இங்கே மிதக்கிறவர்களுக்குக் குளிருக்கான முழுக்கால் உடை தேவையில்லை. தேவை முள்ளுக்கும் உரசலுக்கும் காப்பு. கெட்டி ரப்பர் அடிப்பாகம் வைத்த 5 மி.மீ. நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) ஷூ சிறந்தது; கணுக்கால் வரை மூடும், லேஸ் கிடையாது, அட்டையும் சிறு நத்தையும் உள்ளே போகாது. அது இல்லையென்றால் சாதாரண கேன்வாஸ் ஷூ, உள்ளே நீளமான சாக்ஸ். லேஸ் முடிச்சை ஷூவுக்குள் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது ஒரு கொடிவலை. சாக்ஸ் இல்லாமல் ஈர கேன்வாஸ் போட்டால் குதிகால் நரம்புக்கு மேலே தோல் போய்விடும்.

கம்பூட் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. டியூபிலிருந்து நழுவினால் உள்ளே தண்ணீர் நிரம்பி, சேற்றில் ஊன்றி, காலை எடுக்கவே விடாது.

அளவு எடுப்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஃபின்னில் போட்டிருக்கிற எண் பல கம்பெனிகளில் வெறுங்காலுக்கோ மெல்லிய நியோப்ரீனுக்கோ சொன்னது. 8 நம்பர் செருப்புப் போடுகிறவர் ஐரோப்பிய அளவில் 42. அவர் கேன்வாஸ் ஷூவோடு 42 ஃபின்னில் காலை நுழைத்தால் பாதிதான் போகும். ஷூவைப் போட்டுக்கொண்டு தாளில் நின்று, சுற்றிக் கோடு போட்டு, அகலமான இடத்தை அளந்து எடுத்துக்கொண்டு போங்கள். பையின் உள்ளகலம் அதைவிட அரை செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். ஷூ நுழைந்ததும் பையின் மேல்விளிம்பு பாதத்தின் மேட்டில், லேஸ் கட்டுகிற இடத்தில், வந்து உட்கார வேண்டும். விரலோடு நின்றுவிட்டால் சின்னது. கணுக்கால் வரை ஏறிவிட்டால் பெரியது. உதைக்கும்போது பிளேடு பக்கவாட்டில் திருகும், முழங்கால் வலி அங்கிருந்துதான் ஆரம்பம்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்ப வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். ஃபின் அளவு அட்டவணையை நம்பி ஒரே முறையில் சரியாக அமைவது அதிர்ஷ்டம்.

வார், பக்கிள், கணுக்கால் கயிறு

ஃபின் உடைந்து யாரும் தண்ணீரில் தவிப்பதில்லை. வார் அறுந்துதான் தவிக்கிறார்கள். ஒற்றை ஃபின்னோடு இருந்தால் டியூப் வட்டமடிக்கும்: வலது காலை மட்டும் உதைத்தால் முகம் வலப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். காற்றும் எதிராக இருந்தால் கரை சேர்வது பெரும்பாடு.

ரப்பர் வார் துளை போட்ட இடத்தில்தான் அறும். வாங்கும்போதே வாரை வெளிப்பக்கமாக மடித்து, துளையைச் சுற்றி முடி அளவு விரிசல் இருக்கிறதா பாருங்கள். பல நாள் கடையில் தொங்கிய சரக்கில் இருக்கும். எஃகுச் சுருள் வார் நீடித்து உழைக்கும், இழுத்து மாட்டினால் போதும், பக்கிளே தேவையில்லை. ஆனால் சுருளுக்குள் வேலம்பாசி நூல் நூலாகச் சிக்கும். மேலே உறை போட்ட சுருளாகக் கிடைத்தால் எடுக்கலாம்.

பக்கிள் வகையில் கவனிக்க வேண்டியது வாரின் வால். இறுக்கிய பிறகு மிஞ்சுகிற துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில்தான் தாமரை முதலில் சுற்றும். வாலை உள்பக்கமாக மடித்து ரப்பர் வளையம் ஒன்றால் அடக்குங்கள். பழைய சைக்கிள் டியூபைக் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் வெட்டினால் வளையம் தயார். பஞ்சர் கடையில் சும்மாவே தருவார்கள்.

கணுக்கால் கயிறு கட்டாயம். ஃபின் கழன்றாலும் காலோடு கிடக்கும். பை தைக்கிற கடையில் ஒரு அங்குல நைலான் பட்டையும் பிளாஸ்டிக் பக்கிளும் கிடைக்கும். கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து ஃபின்னின் வார் முளைக்குப் போக ஒரு துண்டு. அந்த இணைப்பு ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது. நீளமாக விட்டால் கழன்ற ஃபின் மற்ற காலைச் சுற்றும். முடிச்சுப் போடாமல் பக்கிள் வைப்பது எதற்கென்றால், கொடியில் வசமாக மாட்டிக்கொண்டால் ஒரே அழுத்தில் விடுவித்துக்கொண்டு வர வேண்டும். ஃபின் போனால் போகட்டும்.

மிதக்கிற ஃபின்னா மூழ்கிற ஃபின்னா என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும், ரப்பர் மூழ்கும். கலவையில் செய்தவற்றை வாளியில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மிதப்பது நல்லதுதான், தேடி எடுக்கலாம். ஆனால் ரொம்ப மிதந்தால் காலை நீர்மட்டத்துக்குத் தூக்கிக்கொண்டே வரும். பிளேடு மேலே வந்து சளப்பென்று அடிக்கும். குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கிற விரால் அந்தச் சத்தத்துக்கு அடியில் போய்விட்டால், தவளை லூரை, அதாவது தவளை மாதிரி செய்த பொய் இரையை, அதற்குமேல் எத்தனை முறை போட்டாலும் திரும்பாது. விட்டால் மெல்ல மேலே வருகிற அளவு மிதப்பு போதும்.

தண்ணீரில் நடக்கிற கோளாறுகள்

ஃபின் போட்டபின் முன்னால் நடக்கக் கூடாது. நுனி தரையில் குத்தி மடிந்து, ஆள் குப்புற விழுவார். கையில் இருக்கிற ராடு முதலில் உடையும். டியூபை இடுப்பில் மாட்டி, பின்னாலேயே நடந்து இறங்க வேண்டும். இறங்குமிடம் சரளையாகவோ கல் படியாகவோ இருக்கட்டும். நீர் வழியாத நாளில் கலுங்கை ஒட்டிய கல் தளம் நல்ல இடம். வழிகிற நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பிளேடு களிமண்ணில் பதிந்துவிட்டால் நேரே மேலே இழுப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. களி உறிஞ்சிப் பிடிக்கும், இழுக்க இழுக்க இறுகும், கடைசியில் வார் அறும். குதிகாலைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை திருகுங்கள்; பிளேடின் ஓரத்தில் தண்ணீர் நுழைந்ததும் தானாக விட்டுவிடும்.

தாமரைக்குள் போகும்போது படபடவென்று உதைத்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும். ஒரு காலை உதைத்து, நிறுத்தி, மறு காலை உதைக்க வேண்டும். சுற்றிக்கொண்டது தெரிந்தால் உதைப்பதை நிறுத்தி, விரலை நீட்டி, வந்த வழியே காலை உருவுங்கள். ஆகாயத்தாமரை மெத்தைக்குள் போகவே வேண்டாம், ஓரத்தில் நின்று போட்டால் போதும்.

காற்றைக் கணக்கில் வையுங்கள். தை, மாசியில் விடியலில் அடங்கிக் கிடக்கிற வாடையும் கொண்டலும் வெயில் ஏறியதும் எழும்பும். அமைதியாக இருக்கும்போதே காற்று வரும் திசைக்குப் போய்விட்டு, எழும்பியதும் அதோடு திரும்பினால் கால் தப்பும். ஓரிடத்தில் நிற்க, முதுகைக் காற்றுக்குக் காட்டுங்கள். உதை டியூபைப் பின்னால், அதாவது காற்றுக்கு எதிராக, தள்ளும். லூர் காற்றோடு தூரமாகப் போகும். ஒரே ஏற்பாட்டில் இரண்டு வேலை.

இரண்டு ஆபத்தை எந்த ஃபின்னும் வெல்லாது. திறந்திருக்கிற மடையின் இழுப்பு ஒன்று. வண்டலும் சவுடும் அள்ளிய குழி இன்னொன்று: இடுப்பளவுத் தண்ணீர் என்று நம்பி டியூபை விட்டு இறங்கினால், அடுத்த அடியில் தலை மூழ்கும். இறங்குவதற்கு முன் மடை திறந்திருக்கிறதா, எங்கே மண் எடுத்தார்கள் என்று உள்ளூரில் மாடு மேய்க்கிற பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எந்த டியூபும் வேண்டாம். கண்மாய் மீனுக்குக் குத்தகைதாரர் இருப்பார், அவர் அனுமதி இல்லாமல் தூண்டில் போட்டால் ஃபின் தரத்தைப் பற்றிப் பேச நேரமிருக்காது. திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்கள், டியூபோடு வருகிறவரையும் விடமாட்டார்கள். குடிதண்ணீர் ஊருணியில் காலையே நனைக்கக் கூடாது, ஃபின் போட்ட காலை எங்கே நனைப்பது!

பராமரிப்பு

காலில் அரிப்பு வராமலிருக்கத் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவிக்கொண்டு ஃபின் மாட்டுகிற பழக்கம் இருக்கிறது. இயற்கை ரப்பர் எண்ணெயில் உப்பிக் கொழகொழக்கும். இரண்டு பருவத்தில் பை தளர்ந்துவிடும். எண்ணெய் தடவித்தான் ஆக வேண்டுமென்றால் மேலே சாக்ஸும் ஷூவும் இருக்கட்டும். கொசுவுக்குப் பூசுகிற டீட் கலந்த களிம்பும் பல பிளாஸ்டிக்கை இளக்கும். பூசிய கையைத் துடைத்துவிட்டு பக்கிளைத் தொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பக்கிளின் பல்லுக்குள் இருக்கிற மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும். மண் இருந்தால் அடுத்த முறை பக்கிள் பாதி பூட்டி நிற்கும், பூட்டிய மாதிரியே தெரியும். மொட்டைமாடி வெயிலில் காயப்போடாதீர்கள். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், நிழல் விழுகிற பக்கம் தட்டையாகக் கிடத்தினால் ஒரு இரவில் காய்ந்துவிடும். நுனியை ஊன்றிச் சுவரில் சாய்த்தால் பிளேடு வளைந்தபடி நின்றுவிடும். கறுப்பு ரப்பரில் வெள்ளை பூத்தால் பயப்பட வேண்டாம், உள்ளிருக்கிற மெழுகு மேலே வருவது அது. துணியால் துடைத்தால் போயிற்று.

சித்திரையில் எடுத்து வைக்கிற ஃபின்னை மறுபடி தொடுவது கார்த்திகையில்தான். எடுத்ததும் முதலில் வாரை மடித்துப் பாருங்கள். துளையோரம் விரிசல் தெரிந்தால் வாரை மட்டும் மாற்றினால் போதும், ஃபின் இன்னும் நாலு மழைக்கு வரும்.